வலையும் அளவுகோலும்

1986-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள். கனடா நாட்டின் கிழக்கு ஓரத்தில், அட்லாண்டிக் பெருங்கடலில் அமைந்துள்ள நியூஃபவுண்ட்லாந்து என்னும் பெருந்தீவின் தென்கரையை மூடுபனி சூழ்ந்திருந்தது. அந்தப் பனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள் திக்குத் தெரியாமல் மிதந்துகொண்டிருந்தன. அவற்றில் இருந்தோர் 155 பேர். அனைவரும் ஈழத் தமிழர். போருக்குத் தப்பி, மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு கப்பலில் கொண்டுவரப்பட்டு, நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டவர்கள். அவர்களைக் கண்டு கைகொடுத்தவர் கஸ் டால்டன் என்னும் உள்ளூர் மீனவர். தம் படகில் ஏற்றக்கூடியவர்களை ஏற்றிக்கொண்டு, அக்கம்பக்கத்தில் தொழில் செய்துகொண்டிருந்த மற்றப் படகுகளுக்கும் அவர் செய்தி அனுப்பினார். தத்தளித்த அனைவரும் உயிருடன் கரை சேர்ந்தனர்.

நம் இனத்தாரை இவ்வாறு காத்த அந்த மீனவ மக்கள், ஏறத்தாழ அதே காலத்தில், தங்கள் வாழ்வே மூழ்கிக்கொண்டிருப்பதாகக் குரல் எழுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. கடலில் மீன் குறைகிறது என்று அவர்கள் சொன்னார்கள். குறையவில்லை, பெருகுகிறது என்று அறிவியலார் கணக்குக் காட்டினார்கள். ஆறே ஆண்டுகளில் எவர் சொன்னது மெய் என்பதைக் கடல் உணர்த்திவிட்டது. ஆனால் அதற்குள் எல்லாம் கைமீறிப் போயிருந்தது. மீனவரும் அறிவியலாரும் ஒரே மேசையில் அமர்ந்து கடலைப் படிக்கத் தொடங்கியது அந்தப் பேரிழப்புக்குப் பிறகுதான். கடற்கரைப் பங்குகள் நிறைந்த நம் மறைமாவட்டங்களின் மக்கள் இந்த வரலாற்றை அறிந்துகொள்வது நல்லது.

மீனால் எழுந்த நாடு

குழந்தைகளுக்கு ஊட்டப்படும் மீன் எண்ணெயை நாம் அறிவோம். அந்த எண்ணெயைத் தரும் காட் என்னும் மீனே நியூஃபவுண்ட்லாந்தின் வரலாற்றை எழுதியது எனலாம். 1497-இல் ஜான் கேபட் என்னும் இத்தாலிய மாலுமி இங்கிலாந்து மன்னரின் ஆதரவில் அப்பகுதிக் கடலுக்குச் சென்று திரும்பினார். வலை மட்டுமன்றி, கல் கட்டி இறக்கிய கூடையிலும் மீன் அள்ளலாம் என்று அவருடைய ஆட்கள் சொன்னதாக, இலண்டனில் இருந்த மிலான் நாட்டுத் தூதர் தம் தலைவருக்கு எழுதினார். அச்செய்தி ஐரோப்பாவின் துறைமுகங்களை எழுப்பிவிட்டது. போர்த்துக்கீசியரும் பாஸ்க் இனத்தவரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஆண்டுதோறும் கடல் கடந்து அங்கே சென்றனர்.

இதில் நம் திருச்சபைக்கும் பங்கு உண்டு. தவக்காலத்திலும் வெள்ளிக்கிழமைகளிலும் இறைச்சி விலக்கிச் சுத்தபோசனம் காத்த கத்தோலிக்க ஐரோப்பாவுக்கு, கெடாமல் நெடுநாள் இருக்கும் உணவு தேவைப்பட்டது. உப்பிட்டு உலர்த்திய காட் கருவாடு அத்தேவையை நிறைவு செய்தது. லிஸ்பனிலும் செவில்லாவிலும் ஒருவர் ஒருசந்தி இருந்தால், நியூஃபவுண்ட்லாந்தின் பாறைக் கரையில் ஒரு குடும்பம் பிழைத்தது. அயர்லாந்திலிருந்து அங்கே குடியேறிய ஏழைக் கத்தோலிக்கர் தீவின் தென்கிழக்குக் கரையெங்கும் சிற்றூர்களை அமைத்தனர். ஈழத் தமிழரை மீட்ட கடற்பகுதியும் அவர்களுடைய கரையை ஒட்டியதே.

அவர்களின் தொழில் கரையை ஒட்டிய தொழில். கோடைத் தொடக்கத்தில் கேப்லின் என்னும் சிறு மீன், நம் சாளையையும் நெத்தலியையும் போலக் கூட்டங்கூட்டமாகக் கரையை நாடி வரும். முட்டையிட மணலிலேயே வந்து புரளும். அதைத் தின்னக் காட் மீன் பின்தொடர்ந்து வரும். அவ்வேளையில் மீனவர் சிறு படகுகளில் சென்று தூண்டிலாலும், நான்கு சுவரும் தரையும் உடைய அறை போன்ற கூண்டு வலையாலும் அதைப் பிடிப்பர். குன்றின் முகட்டையும் கோவில் கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்து கடலில் இடம் குறிக்கும் கலை அங்கும் உண்டு. எந்தப் பாறையருகே எந்த வாரத்தில் எந்த அளவு மீன் வரும் என்பது தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த கல்வி. அது எழுதப்படாத நூல். ஆனால் நானூறு ஆண்டுகளாக நாள்தோறும் திருத்தப்பட்டு வந்த நூல்.

பெருங்கப்பல்களின் காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. 1954-இல் ஃபேர்ட்ரை என்னும் பிரிட்டிஷ் கப்பல் அக்கடலுக்கு வந்தது. அது வெறும் மீன்பிடிக் கப்பலன்று; இழுவை மடியால் வாரிய மீனை அங்கேயே அறுத்து, உறையவைத்து, பெட்டியில் அடுக்கும் மிதக்கும் தொழிற்சாலை. சோவியத் ஒன்றியமும் வேறு பல நாடுகளும் அதே வகைக் கப்பல்களை அனுப்பின. பனிக்கட்டி மிதக்கும் மாரிக்காலத்திலும், மீன் முட்டையிடத் திரளும் ஆழ்கடல் மேடுகளிலும் அவை ஓயாமல் மடி இழுத்தன. 1968-இல் வடபகுதிக் காட் கூட்டத்திலிருந்து மட்டும் 8,00,000 டன்னுக்கும் மேல் பிடிக்கப்பட்டது. அதன்பின் சரிவு தொடங்கியது. கரையோர மீனவரின் கூண்டு வலைகள் ஆண்டுக்காண்டு இலேசாயின.

நியூஃபவுண்ட்லாந்து 1949-இல் கனடாவுடன் இணைந்திருந்தது. எனவே அதன் கடலைப் பற்றிய முடிவுகள் 1,500 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஒட்டாவா நகரில் எடுக்கப்பட்டன. 1977-இல் கனடா தன் கடல் எல்லையை 200 கடல் மைலாக விரித்து, அயல்நாட்டுக் கப்பல்களைப் பெரும்பாலும் அப்புறப்படுத்தியது. இனி மீன் பெருகும் என்று அனைவரும் மகிழ்ந்தனர். ஆனால் அயலார் விட்டுச்சென்ற இடத்தைக் கனடாவின் சொந்த இழுவைக் கப்பல்கள் நிரப்பின. மீன்வளம் மீண்டு வருவதாக அறிவியலார் கணித்தனர். அதையொட்டிப் பிடிக்கத்தக்க அளவு உயர்த்தப்பட்டது. 1988-இல் அது 2,66,000 டன்னாக இருந்தது.

எண்கள் சொன்னதும் வலைகள் சொன்னதும்

கடலுக்குள் இருக்கும் மீனை எண்ணுவது எளிதன்று. கனடாவின் அறிவியலார் இரண்டு வழிகளை நம்பினர். ஒன்று, ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் ஆய்வுக் கப்பல் அனுப்பி, குறித்த இடங்களில் மடி இழுத்துப் பார்ப்பது. மற்றது, வணிக இழுவைக் கப்பல்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு மீன் பிடித்தன என்னும் கணக்கு. முதலாவது ஆண்டுக்காண்டு ஏறி இறங்கியது. இரண்டாவதோ தொடர்ந்து நல்ல செய்தியே சொன்னது. ஆகவே மீன் பெருகுகிறது என்னும் முடிவுக்கு அவர்கள் வந்தனர்.

இங்கேதான் பிழை நுழைந்தது. கோடையில் ஊர்க்குளம் வற்றும்போது, எஞ்சிய மீன்களெல்லாம் நடுவிலுள்ள பள்ளத்தில் திரளும். அந்தப் பள்ளத்தில் மட்டும் கையை விட்டுப் பார்ப்பவன் குளம் நிறைய மீன் என்றே எண்ணுவான். ஒலியலைக் கருவிகளால் மீன் திரளும் இடத்தைக் கண்டறிந்து அங்கேயே மடி இழுத்த கப்பல்களின் கணக்கும் அத்தகையதே. கூட்டம் சுருங்கச் சுருங்க மீன்கள் நெருங்கித் திரண்டன. கப்பலின் மடி நிறைந்துகொண்டே இருந்தது. குளம் வற்றுவதைக் கரையில் நின்றவன் கண்டான். பள்ளத்தில் கை விட்டவன் காணவில்லை.

கரையில் நின்றவன் என்ன கண்டான்? மீன் முன்னைவிடச் சிறுத்திருந்தது. அதே அளவு மீனுக்கு இரண்டு மடங்கு வலை போட வேண்டியிருந்தது. முன்பு மீன் வந்த விரிகுடாக்களுக்கு மீன் வரவில்லை. இவற்றை அவன் சொன்னபோது, உன் வலை ஓரிடத்தில் நிற்பது, கடல் நீர் குளிர்ந்திருந்தால் மீன் கரையை அணுகாது, அதனால் உனக்குக் கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. அவன் கண்டது அறிவியலாரின் கணக்கில் ஏறவில்லை. ஏறாததற்கு முறைமை சார்ந்த காரணமும் இருந்தது. ஆயிரக்கணக்கான சிறு படகுகள், வெவ்வேறு வகை வலைகள், எழுதிவைக்காத குறிப்புகள். இவற்றை ஒரே அளவுகோலில் கொண்டுவருவது கடினம். ஆய்வுக் கப்பலும் கரையோர நீருக்குள் வரவில்லை. எளிதில் அளக்கக்கூடியது சான்று எனப்பட்டது; அளக்கக் கடினமானது வெறும் பேச்சு எனப்பட்டது.

கரையோர மீனவர் சோர்ந்துவிடவில்லை. தங்கள் சங்கத்தின் வழியாக மெமோரியல் பல்கலைக்கழகத்தின் உயிரியலார் மூவரை அணுகி, அரசின் கணக்கைச் சரிபார்த்துத் தருமாறு கேட்டனர். டெரக் கீட்ஸ், டான் ஸ்டீல், ஜான் கிரீன் ஆகிய அம்மூவரும் 1986-இன் இறுதியில் அளித்த அறிக்கை, அரசின் மதிப்பீடு மிகையானது என்று காட்டியது. மீனவர் தாமே அறிஞரைத் தேடிச் சென்று, தம் ஐயத்தை ஆய்வின் மொழியில் எழுதச் செய்த அரிய நிகழ்ச்சி இது. அரசு அதை ஏற்கவில்லை.

1989-இன் தொடக்கத்தில் அரசின் அறிவியலாரே தம் மதிப்பீடு தவறியதை உணர்ந்தனர். பிடிப்பின் அளவை 1,25,000 டன்னாகக் குறைக்க வேண்டும் என்று அறிவுரை வழங்கினர். அமைச்சரகம் தொழிற்சாலைகள் மூடப்படும் என்று அஞ்சி, 2,35,000 டன் என்று அறிவித்தது. பல்கலைக்கழகத் தலைவர் லெஸ்லி ஹாரிஸ் தலைமையில் அமைந்த தனிக் குழுவும் 1990-இல் அளவைக் குறைக்கச் சொன்னது. ஆண்டுகள் கழிந்தன, மடிகள் ஓயவில்லை. ஆகவே பழி முழுவதையும் அறிவியலார்மீது சுமத்துவது நீதியாகாது. முதலில் மீனவரின் சொல் அறிவியலாரிடம் எடுபடவில்லை; பின்னர் அறிவியலாரின் சொல் ஆள்வோரிடம் எடுபடவில்லை.

1992 ஜூலை 2

அந்நாளில், நியூஃபவுண்ட்லாந்தைச் சேர்ந்தவரேயான மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி, வடபகுதிக் காட் மீன்பிடிப்பு இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்தப்படுவதாகத் தலைநகர் செயின்ட் ஜான்ஸில் ஒரு விடுதியில் அறிவித்தார். வெளியே நின்ற மீனவர் கதவை உடைத்து உள்ளே புக முயன்றனர். ஏறத்தாழ 30,000 பேர் ஒரே நாளில் வேலை இழந்தனர். கனடாவின் வரலாற்றில் அதற்கு முன் அத்தகைய வேலையிழப்பு நேர்ந்ததில்லை. ஐந்நூறு ஆண்டுத் தொழில் ஒரு மாலைப் பொழுதில் முடிந்தது. பின்னர் எடுத்த கணக்குப்படி, முட்டையிடும் பருவத்துக் காட் மீன் 1960-களில் இருந்ததில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியிருந்தது.

இரண்டு ஆண்டு என்று சொன்ன தடை முப்பத்திரண்டு ஆண்டுகள் நீடித்தது. இளைஞர் பிழைப்புத் தேடிப் பெருநிலத்துக்குச் சென்றனர். சிற்றூர்களில் பள்ளிகளும் கோவில்களும் ஆளின்றிப் போயின. அந்த ஆண்டுகளில் கடல் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்ததும், கேப்லின் மீன் அருகிப்போனதும் சரிவுக்குத் துணைசெய்தன என்போர் உண்டு. ரான்சம் மையர்ஸ், ஜெஃப்ரி ஹச்சிங்ஸ் ஆகிய ஆய்வாளரோ அளவுக்கு மீறிய பிடிப்பே தலையாய காரணம் என்று 1994 முதல் சான்றுகளோடு நிறுவினர். குளிர் ஒரு கை கொடுத்திருக்கலாம். ஆயினும் அழிவின் பெருங்கை மனிதனுடையதே.

கூடி அறிதல்

மக்களும் கற்றோரும் கூடி ஆய்வது அந்தப் பகுதிக்கு முற்றிலும் புதியதன்று. பக்கத்து மாநிலமான நோவா ஸ்கோஷியாவில் 1927-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், கேன்சோ ஊரின் மீனவர் தங்கள் வறுமையை எடுத்துக்காட்டிக் கூட்டம் கூடினர். அவர்களோடு நின்றவர் அவ்வூரின் பங்குத்தந்தை ஜிம்மி டாம்ப்கின்ஸ். அதன் விளைவாக அரசு ஆணையம் ஒன்று அமைந்தது. அருள்தந்தை மோசஸ் கோடி ஊர்தோறும் சென்று படிப்பு வட்டங்களைத் தொடங்கி, 1930-இல் மீனவர் கூட்டுறவு அமைப்பை உருவாக்கினார். மக்கள் தாங்களே சிந்தித்துத் தங்கள் வாழ்வை மாற்ற இயலும் என்பது அவ்விரு குருக்களின் நம்பிக்கை. பின்னர் 1967-இல் நியூஃபவுண்ட்லாந்தின் ஃபோகோ தீவில், பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறையும் தேசியத் திரைப்பட வாரியமும் சேர்ந்து, மீனவர் பேசுவதைப் படமாக்கி, அதை அவர்களுக்கும் ஆள்வோருக்கும் திரையிட்டுக் காட்டின. ஊரைக் காலிசெய்யச் சொல்லப்பட்ட அம்மக்கள் கூட்டுறவு அமைத்து ஊரிலேயே தங்கினர்.

ஆனால் இம்முயற்சிகள் மீனவரின் வாழ்வைப் பற்றியவை. மீனைப் பற்றிய அறிவில் மீனவருக்கு இடம் தந்தவை அல்ல. அந்த இடம் 1990-களில்தான் பிறந்தது. சமூகவியலார் பார்பரா நீஸும் அவருடைய துணைவரும் விரிகுடா ஊர்களில் முதிய மீனவரைச் சந்தித்து, அவர்களின் தொழில் வாழ்வை ஆண்டுவாரியாகக் கேட்டறிந்தனர். எந்த ஆண்டில் எத்தனை வலை, என்ன நீளம், எந்த இடம், எவ்வளவு மீன்? இப்படிக் கேட்டபோது, அரசின் ஏடுகளில் இல்லாத உண்மை ஒன்று வெளிப்பட்டது. கரைக்கு வந்த மீனின் அளவு பெரிதும் குறையாத ஆண்டுகளிலும், அதைப் பிடிக்க மீனவர் செலவிட்ட வலையும் தூரமும் உழைப்பும் பெருகிக்கொண்டே இருந்தன. மீன் எடையை மட்டும் எழுதிய ஏட்டுக்கு அது தெரியவில்லை. தோள் வலித்தவனுக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஆய்வுகள் இன்னொன்றையும் மறைக்கவில்லை. இழுவைக் கப்பலைக் குறைகூறிய கரையோர மீனவரும் தம் வலையை ஓயாமல் பெருக்கினர். 1960-களில் வந்த நைலான் செவுள் வலை, தொலைந்துபோன பின்னும் ஆழத்தில் கிடந்து மீனைக் கொன்றது. மீனவனின் அறிவு மெய்யானது. ஆனால் அவனும் தன் வயிற்றுக்காகப் பேசுபவனே. ஆகவே அவன் சொல்லையும் சோதித்தறிய வேண்டும். நம்பாமல் தள்ளுவது ஒரு தவறு என்றால், வினவாமல் ஏற்பதும் தவறே. சோதித்துப் பார்ப்பதற்கு முதலில் காதுகொடுத்துக் கேட்டாக வேண்டும்.

காவல் மீன்பிடிப்பு

1995-இல் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் காவல் மீன்பிடிப்பு என்னும் திட்டம் தொடங்கியது. அரசின் மீன்வளத் துறையும் மீனவர் தொழிற்சங்கமும் சேர்ந்து நடத்தியது அது. தொழில் நின்றுபோன மீனவர் சிலருக்குப் பயிற்சி அளித்து, அவரவர் ஊர்க் கடலில், அளவோடு, ஆய்வுக்காக மட்டும் மீன் பிடிக்கச் செய்தனர். பிடித்த ஒவ்வொரு மீனின் நீளத்தையும் அவர்கள் அளந்தனர். ஆணா பெண்ணா என்று பார்த்தனர். கடல் நீரின் வெப்பத்தைக் குறித்தனர். மீனின் தலையிலிருந்து செவிக்கற்களையும் எடுத்தனர். கத்தாளை மீனின் தலையில் இரண்டு வெண்கற்கள் இருப்பதை, அதை அரியும் நம் வீட்டுப் பெண்கள் அறிவர். அத்தகைய கல்லை வெட்டிப் பார்த்தால், மரத்தின் வயிரத்தைப் போல ஆண்டு வளையங்கள் தெரியும். மீனின் வயதை அது சொல்லும். ஒருகாலத்தில் எறிந்துவிட்ட கல்லை, அதே கைகள் இப்போது உறையிலிட்டுத் தேதி எழுதின.

அத்திட்டத்தின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. மீனவர் தம் வலைகளில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் மாறாத ஓரிடத்தில் போட வேண்டும். ஆண்டுகளை ஒப்பிட இது அறிவியலுக்குத் தேவை. மற்றொரு பகுதியை மீனவர் தம் சொந்த அறிவின்படி, மீன் இருக்கும் என்று தாம் கருதும் இடத்தில் போடலாம். முதலாவது இடத்தை அளவுகோல் தேர்ந்தது. இரண்டாவது இடத்தைக் கடலறிவு தேர்ந்தது. இரண்டின் கணக்கும் ஒரே ஏட்டில் ஏறியது. ஆய்வுக் கப்பல் எட்டாத கரையோர நீரைப் பற்றி அறிவியலுக்குத் தொடர்ச்சியான சான்று கிடைத்தது இதன் பயனே.

அக்காலத்தில் தெற்கே அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலும் இதனை ஒத்த பணி நடந்தது. அங்கே டெட் ஏம்ஸ் என்பவர் மீனவர். பட்டம் பெற்ற அறிவியலாரும் ஆவார். முதுமையால் கடலைவிட்டு ஒதுங்கியிருந்த மீனவரைத் தேடிச் சென்று, பண்டைக் காலத்தில் காட் மீன் எங்கெங்கே முட்டையிட்டது என்று கேட்டுக் கடல் வரைபடத்தில் குறித்தார். பல இடங்கள் இப்போது மீனின்றி வெறுமையாய்க் கிடப்பதை அந்தப் படம் காட்டியது. எந்த ஆய்வுக் கப்பலும் சென்ற காலத்துக்குள் மடி இழுக்க இயலாது. முதியோரின் நினைவு மட்டுமே அங்கே செல்லும். 2005-இல் மெக்கார்தர் அறக்கட்டளையின் உயரிய விருது அவருக்கு வழங்கப்பட்டது.

காட் மீன் மெல்ல மெல்லவே மீண்டது. 1999-இல் சிறிய அளவில் திறந்த கரையோரப் பிடிப்பு 2003-இல் மீண்டும் மூடப்பட்டது. 2023-இல் அறிவியலார் 1954 முதலான பழைய கணக்குகளையும் சேர்த்து மதிப்பீட்டைத் திருத்தினர். 2024 ஜூன் மாதத்தில் கனடா அரசு தடையை நீக்கி, 18,000 டன் அளவுக்கு வணிகப் பிடிப்பை அறிவித்தது. ஆனால் அந்த அறிவிப்பு இழுவைக் கப்பல்களுக்கும் பங்கு கொடுத்தது. கரையோர மீனவரின் சங்கம் அதை வன்மையாக எதிர்த்தது. மீன் இன்னும் போதிய வலிமை பெறவில்லை என்று எச்சரித்த அறிவியலாரும் உண்டு. முப்பது ஆண்டுகளுக்குமுன் எதிரெதிரே நின்ற மீனவரும் அறிவியலாரும் இன்று பல இடங்களில் ஒரே பக்கம் நிற்கின்றனர். முடிவு எடுக்கும் கையோ இன்னும் வேறிடத்தில் இருக்கிறது.

கருவியா, ஆலோசகரா?

இவ்விடத்தில் புனித நியூமன் நினைவுக்கு வருகிறார். 1859-இல், மறை உண்மைகள் பற்றி இறைமக்களைக் கலந்தறிவது குறித்து அவர் ஒரு கட்டுரை எழுதினார். கலந்தறிதல் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு என்று அதில் அவர் பிரித்துக் காட்டுகிறார். வானிலை அறியக் காற்றழுத்தமானியைப் பார்க்கிறோம். மருத்துவர் நோயாளியின் நாடியைப் பார்க்கிறார். இதுவும் ஒருவகைக் கலந்தறிதலே. ஆனால் நோயாளி மருத்துவரிடம் சென்று ஆலோசனை கேட்பது வேறுவகை. முதலாவதில் இருக்கும் நிலை மட்டும் தெரிகிறது. இரண்டாவதில் தீர்ப்பும் அறிவுரையும் பெறப்படுகின்றன. இறைமக்களின் நாடியைப் பார்க்காமல் திருச்சபையின் விசுவாசத்தை முழுமையாக அறிய முடியாது என்பது நியூமனின் வாதம். அதற்காகப் பல ஆண்டுகள் அவர் ஐயக்கண்ணோடு நோக்கப்பட்டார். ஒரு நூற்றாண்டு கடந்து, 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபை பற்றிய தன் ஏட்டில் இறைமக்கள் அனைவருக்கும் உரிய விசுவாச உணர்வைப் போற்றி எடுத்துரைத்தது.

மீனவரைப் பற்றியும் இதே கேள்வியை எழுப்பலாம். அறிவியல் அவரை அணுகும்போது, நாடிபார்ப்பது போல அணுகுகிறதா, ஆலோசகரைப் போல அணுகுகிறதா? மீனின் நீளத்தை அளந்து தரும் மலிவான கருவியாக மட்டும் அவரைக் கொண்டால், அது பாதிக் கூட்டுறவே. எந்தக் கேள்வியை ஆய வேண்டும், கிடைத்த எண்ணுக்கு என்ன பொருள், அதைக் கொண்டு என்ன முடிவு செய்வது என்னும் மூன்றிலும் அவருக்கு இருக்கை இருந்தால்தான் கூட்டுறவு நிறைவுபெறும். காவல் மீன்பிடிப்பில் மீனவரே தேர்ந்த இடத்தில் போட்ட வலை, அந்த இருக்கைக்கு ஒரு சிறு தொடக்கம்.

நம் கரையிலும் இது பொருந்தும். 1947-இல் தொடங்கி நெடுங்காலம் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் ஊழியர், மீன் இறங்கும் கரைகளுக்கு வந்து கணக்கெடுக்கின்றனர். நாட்டின் மீன்வள மதிப்பீடு அவ்வாறே உருவாகிறது. 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் நமக்குப் பழகிவிட்டது. கணக்கெடுக்க வருபவரிடம் நம் மக்கள் மீனின் எடையை மட்டும் சொல்கிறார்களா, அதைப் பிடிக்கப் போன தூரத்தையும் எரித்த எண்ணெயையும் காணாமற்போன மீன்களின் பெயரையும் சொல்கிறார்களா? நம் பங்குகளில் முதியோரின் கடலறிவை எழுதிவைக்க எவரேனும் முன்வந்திருக்கிறார்களா? கடலோரத்துப் பிள்ளைகள் இன்று கல்லூரி செல்கின்றனர். தாத்தாவின் கடலையும் பாடப் புத்தகத்தின் கடலையும் ஒருசேரக் கற்கும் தலைமுறை நம்மிடையே வளர்கிறது. அவர்களுள் ஓர் ஏம்ஸ் தோன்றக் கூடாதா?

கெனசரேத்து ஏரிக்கரையில் நடந்ததை லூக்கா எழுதுகிறார். இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் கிடைக்காமல் வலையை அலசிக்கொண்டிருந்தவர்களிடம், தச்சர் மகன் ஒருவர் வலை போடச் சொல்கிறார். தொழில் தெரிந்த பேதுரு தொழில் தெரியாதவர் சொல்லுக்கு இணங்கினார் என்று அந்நிகழ்ச்சியைப் பலமுறை விளக்கக் கேட்டிருக்கிறோம். அதற்கு முன் நடந்ததை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆண்டவர் கரையில் நின்றுகொண்டு ஆணையிடவில்லை. முதலில் பேதுருவின் படகில் ஏறினார். கரையிலிருந்து சற்றே தள்ளும்படி அவரிடம் கேட்டுக்கொண்டார். அந்தப் படகிலேயே அமர்ந்தார். வலை போடச் சொன்னது அதன் பிறகுதான்.

நியூஃபவுண்ட்லாந்தில் அறிவு படகில் ஏறுவதற்குள் மீன் போய்விட்டது. நம் கடலில் இன்னும் மீன் இருக்கிறது.